ஓம்னிஃபோகஸில் பணிகள் ஏன் மறைகின்றன? கேள்வி பதில்

கேள்வி: ஓம்னிஃபோகஸ் என்ற பணிப்பட்டியல் செயலியில், ‘ரிமெய்னிங்’ வடிகட்டியில் நீளமாக இருக்கும் பட்டியல், ‘அவைலபிள்’ என்று மாற்றியவுடன் நாலைந்து பணிகளாகச் சுருங்கிவிடுகிறது. மற்றவை எங்கே போயின?

பதில்: எதுவும் அழியவில்லை. முன்னது முடிக்காதவை அனைத்தையும் காட்டுகிறது. பின்னது இப்போதே தொடங்கக்கூடியவற்றை மட்டும் காட்டுகிறது. தொடங்கும் நாள் இன்னும் வராத பணிகள், நிறுத்தி வைத்த திட்டங்களில் உள்ளவை, வரிசைமுறைத் திட்டத்தில் (பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய திட்டம்) முதல் பணிக்குப் பின்னால் நிற்பவை, உட்பணிகள் முடியாத தாய்ப்பணிகள் ஆகியவை இதில் வாரா.

கேள்வி: இன்றே முடிக்க வேண்டிய பணிகூட ‘அவைலபிள்’ பட்டியலில் இல்லை. இது பிழையா?

பதில்: பிழையன்று. கெடு நாள் எப்போது முடிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. தொடங்க முடியுமா என்பதை அது தீர்மானிப்பதில்லை. ‘அறிக்கையை அனுப்பு’ என்பதற்கு இன்று கெடு இருந்தாலும், அதே வரிசைமுறைத் திட்டத்தில் அதற்கு முன்னுள்ள ‘கணக்கைச் சரிபார்’ முடியாதவரை அறிக்கைப் பணி மறைந்தே இருக்கும். ஆகவே கெடுவைக் கண்காணிக்கும் பட்டியலை எப்போதும் ‘ரிமெய்னிங்’கிலும், அன்றாட வேலைப் பட்டியலை ‘அவைலபிள்’ நிலையிலும் வைப்பதே என் பரிந்துரை. இரண்டையும் ஒரே பட்டியலில் அடைக்க முயல்வதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். முன்பணிக்கும் ஒரு கெடு கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி: திட்டம் செயலில் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பணிகூடத் தெரியவில்லையே?

பதில்: முதல் பணிக்கு என்ன டேக் (வகைக்குறி) இட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ‘காத்திருப்பு’ போன்ற ஒரு டேகை ‘ஆன் ஹோல்டு’ (நிறுத்திவைப்பு) நிலையில் வைத்திருந்தால், அதைத் தாங்கிய பணி மறையும். திட்டம் வரிசைமுறையாக இருந்தால் பின்னால் உள்ளவையும் சேர்ந்து மறையும். பதில் வராத ஒரு மின்னஞ்சலுக்காக முழுத் திட்டமும் கண்ணில் படாமல் போவது இப்படித்தான். பணிகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் திட்டத்தை இணைமுறைக்கு (பணிகளை எந்த வரிசையிலும் செய்யக்கூடிய வகை) மாற்றிவிடலாம். சார்ந்தவை என்றால், மறைவது நியாயமே. ஆனால் திட்டங்களைக் குறித்த இடைவெளியில் மீண்டும் பார்ப்பதற்கான ‘ரிவ்யூ’ பகுதியில் அத்திட்டத்துக்குக் குறுகிய இடைவெளி கொடுத்து, அவ்வப்போது நீங்களே திறந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: கட்டளைவரியில் இயங்கும் பணிப்பட்டியல் செயலியான டாஸ்க்வாரியரில் இதற்கு நிகரானது உண்டா?

பதில்: உண்டு. ‘ரெடி’ அறிக்கை, பிற பணிகளால் தடைபடாத, ‘ஷெட்யூல்டு’ (தொடங்கக் குறித்த) நாளுக்காகக் காத்திராத பணிகளை மட்டும் காட்டும். ஆனால் சார்புகளை ஒவ்வொரு பணிக்கும் நீங்களேதான் குறிக்க வேண்டும்.