வாசகர் கேள்வி பதில்: நெல்லுக்கும் பலகாரத்துக்கும் ஒரு நூதனசாலை

கேள்வி: பிரான்சில் இருக்கும் என் மகள், பாதாம்பருப்பில் செய்யும் ஒரு இனிப்புக்கென்றே அங்கே இருக்கிற நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் படம் அனுப்பியிருந்தாள். மட்டக்களப்பில் இல்லாத நெல்லா, இல்லாத பலகாரமா? நமக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை?
– ஒரு தாய், கல்லடி

பதில்: மகள் போனது தெற்குப் பிரான்சின் எக்ஸ்-அன்-ப்ரொவான்ஸ் நகரமாகத்தான் இருக்க வேண்டும் அம்மா. அங்கே கலிசோன் என்று ஒரு இனிப்பு. அரைத்த பாதாம்பருப்போடு சீனிப்பாகில் ஊறிய முலாம்பழத்தைப் பிசைந்து, கீழே மெல்லிய வேஃபர், மேலே வெள்ளைச் சீனிப்பூச்சு வைத்துத் தோணி வடிவத்தில் வெட்டுவார்கள். 1630இல் கொள்ளைநோய் வந்தபோது ஊர் வைத்த நேர்த்தியை நினைத்து, இப்போதும் செப்டெம்பரில் தேவாலயத்தில் அதை ஆசீர்வதித்துச் சனத்துக்குக் கொடுக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த நூதனசாலை தனியாக நிற்கவில்லை, இனிப்புச் செய்யும் தொழிற்சாலையோடு ஒட்டி இருக்கிறது, அங்கேயே கடையும் உண்டு. பழைய சாமான்களைப் பார்த்துவிட்டு வருகிற ஆள் வெறுங்கையோடு வெளியே போவதில்லை. கடை ஓடுகிறவரை நூதனசாலையும் ஓடும் என்பதுதான் என் கணக்கு.

நம்மிடம் காட்டுவதற்குச் சாமான் குறைவில்லை. வெட்டிய கதிரை உப்பட்டியாகக் கட்டி, சூடு என்று போராகக் குவித்து, களவெட்டி என்கிற சூடடிக்கும் களத்தில் எருமை விட்டு மிதித்து, பொலிப்பாட்டுப் பாடி நெல்லைத் தூற்றிய காலம் போய், இன்று வெட்டுமெஷின் ஒரே ஓட்டத்தில் வெட்டி அடித்து வயலோரத்திலேயே உரப்பையில் கொட்டிவிட்டுப் போகிறது. முதுகு முறிய வேலை செய்தவர்களைக் கேட்டால் மெஷினைக் குறை சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் நெல் அளக்கும் மரைக்காலும் களவெட்டிச் சாமான்களும் படுவான்கரை வீடுகளின் பின் மாலில் கறையான் தின்னக் கிடக்கின்றன. வயற்சொந்தக்காரரான போடியாரும் அவருக்கு வயல் செய்த முல்லைக்காரரும் எப்படிக் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள், களவெட்டிக்குள் எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் சேனநாயக்க சமுத்திரம் என்ற குளத்துத் தண்ணீர் வந்து அம்பாறைப் பக்கத்து வயல்கள் எப்படி மாறின, எல்லாவற்றையும் சொல்லத் தெரிந்த ஆட்கள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். முதலில் அவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள். கட்டடம் பிறகு கட்டலாம்.

அப்புறம் பலகாரம். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து என்ன செய்வது? மூன்று நாளில் பூசணம் பிடிக்கும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் செய்து வைப்பார்கள், அதைவிடப் பாவம் வேறில்லை. எனவே அப்படி ஒன்று வந்தால் நடுவில் அடுப்பு எரிய வேண்டும். அரிசியை ஊறப்போட்டு வடித்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, ஈர மாவைத் தாச்சியில் வறுக்கும்போது முதலில் ஆவி கிளம்பி, பிறகு மா கையில் ஒட்டாமல் மணலாக உதிரத் தொடங்கும். அதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும். செய்கிற பெண்களுக்கு நாட்கூலி கொடுக்க வேண்டும், 'பாரம்பரியம்' என்று சொல்லி இலவசமாக வேலை வாங்கக்கூடாது. பயற்றம் உருண்டைக்குப் பக்கத்தில் காத்தான்குடிப் பக்கத்துத் தொதல் இல்லாவிட்டால் அது மட்டக்களப்பு நூதனசாலையே இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நாம் வாயால் சொல்வதை அங்கே தட்டிலேயே வைத்துக் காட்டலாம். நகரத்துப் பறங்கியர் வீட்டுக் கேக்குக்கும் ஒரு மேசை ஒதுக்க வேண்டும்.

அது வரும்வரை பேரப்பிள்ளைகள் வரும் காலத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள். பெரும்போக அறுவடை பார்க்க மாசி, பலகாரச் சட்டி பார்க்க சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய வாரம். ஓகஸ்டில்தான் லீவு என்றால் சிறுபோக அறுவடை இருக்கும், பலகாரத்துக்கு நீங்கள்தான் அடுப்பு மூட்ட வேண்டும்.

கேள்வி: பாடசாலை விடுமுறைக்குக் கண்டிக்குப் போகிறோம். ஹந்தானையில் இருக்கும் தேயிலை நூதனசாலை பிள்ளைகளுக்குப் பிடிக்குமா, அல்லது காசுக்குக் கேடா?
– ஒரு தகப்பன், காரைதீவு

பதில்: எட்டு வயதுக்கு மேல் என்றால் பிடிக்கும். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையையே 2001இல் நூதனசாலையாக்கித் திறந்தார்கள், ஆகவே உருட்டும், அரைக்கும் பழைய இயந்திரங்கள் அவற்றுக்கென்று கட்டிய இடத்திலேயே நிற்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் பற்றி நிறைய வைத்திருக்கிறார்கள். அந்தக் கொழுந்தைப் பறித்த நம் மலையகத்து மக்களின் கதையை நீங்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், அங்கே இருப்பது போதாது என்பது என் எண்ணம். மேல்மாடியில் தேநீர் குடித்துக்கொண்டு மலையைப் பார்க்கலாம். பயிரைப் பார்த்த கையோடு அதையே வாயிலும் வைக்கிற வசதி, மேலே கல்லடித் தாய்க்குச் சொன்னதும் இதைத்தான்.

மகியங்கனை வழியாகப் போகிறீர்கள் என்றால் பதினெட்டு வளைவுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். கையில் இரண்டு தேசிக்காய் வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

கேள்வி: அப்பப்பா காலத்துச் சீனட்டி, பச்சைப்பெருமாள் நெல்லெல்லாம் எங்காவது பார்க்கக் கிடைக்குமா?
– வெல்லாவெளி வாசகர்

பதில்: 1958இல் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 என்ற புது நெல்லினம் வந்ததோடு பழைய இனங்கள் வயலை விட்டு ஒதுங்கத் தொடங்கின. விதைகளைப் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில், 1988இல் தொடங்கிய பயிர் மரபணு வள நிலையத்தில் குளிரறையில் வைத்துக் காக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் லொஸ் பானோஸ் என்ற ஊரில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன, அங்கே நெல்லுக்கென்று ஒரு நூதனசாலையும் உண்டு. ஆனால் விதை சும்மா இருந்தால் செத்துப்போகும், இடைக்கிடை விதைத்து அறுத்துப் புதுப்பிக்க வேண்டும். பச்சைப்பெருமாள் அரிசி இப்போதும் கடையில் கிடைக்கிறது. வாங்கிச் சமைத்துப் பாருங்கள், பெட்டிக்குள் பார்ப்பதைவிட அது நல்லது.

கேள்வி: அச்சுப் பலகாரம் அச்சை விட்டுக் கழன்று வரமாட்டேன் என்கிறது. புது அச்சு. என்ன செய்ய?
– அக்கரைப்பற்று வாசகி

பதில்: புது அச்சு என்றால் அப்படித்தான் அடம்பிடிக்கும் தங்கச்சி. கஞ்சித்தண்ணியில் அவித்துத் துடைத்து, ஒரு இரவு தேங்காயெண்ணெயில் ஊறவிடுங்கள். சுடும்போது முதலில் அச்சை வெறுமனே கொதிக்கும் எண்ணெயில் வைத்து நன்றாகச் சூடேற்ற வேண்டும், பிறகுதான் மா. மாவில் தோய்க்கும்போது "சுர்" என்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் சூடு போதாது. முக்கால்வாசிதான் தோய்க்க வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மா ஏறினால் அச்சைப் பூட்டுப் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும், பிறகு ஈர்க்கால் குத்தினாலும் உடைந்துதான் வரும். எண்ணெயில் இறக்கி, ஓரம் சிவக்கத் தொடங்கும்போது மெதுவாக ஆட்டுங்கள், தானே கழன்று மிதக்கும். எல்லாம் செய்தும் ஒட்டினால் மா தண்ணியாகிவிட்டது, ஒரு பிடி அரிசிமா சேர்த்துக் கரைத்துப் பத்து நிமிடம் விட்டுவிட்டுத் திரும்பச் சுடுங்கள். அச்சைச் சவர்க்காரம் போட்டு மட்டும் கழுவ வேண்டாம்.