தெரிந்த மென்பொருள் கோப்புகளை ஹேஷ் கொண்டு கழிப்பது எப்படி?

ஜூரோங் அலுவலகக் கணினியின் வன்தட்டில் 3 லட்சம் கோப்புகள், ஆதாரம் தேட எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கத் தேவையில்லாததை முதலில் ஒதுக்குங்கள்.

வன்தட்டை நகலெடுத்து, நகலிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் ஹேஷ் கணக்கிடுங்கள். ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும், கைரேகை போன்ற அடையாளம். 64 பதினறும இலக்கங்கள் (0-9, A-F) வரும். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் இலவசமாக வெளியிடும் என்எஸ்ஆர்எல் என்ற, தெரிந்த மென்பொருள் கோப்புகளின் ஹேஷ் பட்டியலோடு ஒப்பிட்டால் விண்டோஸ் போன்றவற்றின் கோப்புகள் பெருமளவு கழிந்துவிடும். ஒன்றுகூடப் பொருந்தவில்லையா? ஹேஷில் வரும் ஆங்கில எழுத்துகள் ஒரு பக்கம் பெரிய எழுத்திலும் மறுபக்கம் சின்ன எழுத்திலும் இருக்கும். இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றுங்கள்.

நோட்பேட் நிரலுக்கு 'தீபாவளி.ஜேபிஜி' என்று பெயர் வைத்தாலும் ஹேஷ் மாறாது. பெயரும் தேதியும் கணக்கில் சேர்வதில்லை. உள்ளே ஒரு பிட் மாறினாலோ முழுதும் வேறாகிவிடும். அதனால் அந்தக் கணினியிலேயே உருவான லாக், செட்டிங்ஸ் கோப்புகள் பட்டியலில் கிடைக்காது. அதற்காக அவற்றைச் சந்தேகிக்க வேண்டாம்.

இதில்தான் பலர் தவறுகிறார்கள்: பட்டியலில் இருப்பது 'தெரிந்த' கோப்பு, 'நல்ல' கோப்பு அல்ல. ஊடுருவலுக்குப் பயன்படும் கருவிகளும் அதில் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கழித்தால் தேடிய ஆதாரமே போய்விடும். எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறை மட்டும் போதாது. ஒரே எம்டி5 உள்ள இரு வேறு கோப்புகளை இன்று சாதாரண மடிக்கணினியிலேயே உருவாக்கலாம். எஸ்எச்ஏ-1 என்ற இன்னொரு பழைய முறைக்கும் 2017இல் அப்படியொரு ஜோடியை உருவாக்கிக் காட்டிவிட்டார்கள்.