பிராண்டை மாற்றும் முன் சர்வீஸ் சென்டர் வரை போய் வாருங்கள்

கேள்வி: பழனி பக்கம் கார்பென்டர் வேலை செய்கிறேன். கூட ஒரு உதவியாள் மட்டும். டிரில், மரம் இழைக்கும் பிளேனர் என்று பல வருடமாக ஒரே கம்பெனி மெஷின்தான் வாங்குகிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் கோவையில் வாங்கிய 7 இன்ச் சர்க்குலர் சா (மரம் அறுக்கும் மெஷின்) போன வாரம் புகைந்து நின்றுவிட்டது. ஒரு வருட வாரண்டி இருக்கிறது. கடைக்காரர், "ஓவர்லோடு ஆகியிருக்கு, கம்பெனி ஒத்துக்காது" என்கிறார். அந்தக் கடைக்கு வந்து போகும் ஒருவர், 1,200 ரூபாய் கொடுத்தால் வாரண்டியிலேயே சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். கம்பெனியையே மாற்றிவிடலாமா? எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் நன்றாக இருக்கும் என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? பழைய பிளேனருக்கு, கம்பெனி பார்ட்ஸ் இல்லாமல் வெளி ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றுகிற பாகம்) போடலாமா?

பதில்: முதலில் அந்த 1,200 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

வாரண்டி என்றால் கம்பெனி காசு வாங்காமல் செய்து தர வேண்டிய வேலை. அதற்கு நடுவில் ஒரு ஆள் காசு கேட்கிறார் என்றால், மெஷின் பெரும்பாலும் சர்வீஸ் சென்டர் வாசலையே மிதிக்காது. ஏதாவது ஒரு பட்டறையில் திறந்து, உள்ளூர் ஆர்மேச்சர் ஒன்றைப் போட்டு, துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஓடவும் செய்யும். இரண்டு மாதம் கழித்து மறுபடி நின்றால் நீங்களே சர்வீஸ் சென்டருக்குப் போவீர்கள். அங்கே திறந்து பார்த்ததும், "வெளி ஆள் கை வைத்திருக்கிறார், வெளிப் பார்ட்ஸ் இருக்கிறது" என்று வாரண்டியை ரத்து செய்வார்கள். அப்படிச் சொல்வதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். நான் சர்வீஸ் பெஞ்சில் இருந்த காலத்தில் இப்படி வந்த மெஷின்களுக்குக் கணக்கில்லை. வெளியே ஒரு கம்பெனி ஸ்டிக்கர் இருக்கும். உள்ளே பேரிங் ஒன்று, சுவிட்ச் ஒன்று, காயில் ஒன்று என்று ஊரே குடியிருக்கும். கொண்டுவந்தவர் கம்பெனியைத் திட்டுவார். கம்பெனிக்கு அந்த மெஷின் உள்ளே என்ன இருந்தது என்பதே தெரிந்திருக்காது.

கடைக்காரர் "ஓவர்லோடு" என்றாரே, மெஷினைத் திறந்து பார்த்தாரா? திறக்காமல் அதைச் சொல்ல முடியாது, அதைச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு இல்லை. அந்த முடிவை எடுக்க வேண்டியது கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். ஆர்மேச்சரும், அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஃபீல்டு காயிலும் இரண்டுமே ஒரே சீராகக் கருகியிருந்தால், பொதுவாக அது அதிகச் சுமையில் ஓட்டியதன் அடையாளம். ஃபீல்டு காயில் நன்றாக இருந்து, ஆர்மேச்சரில் ஓரிடத்தில் மட்டும் எரிந்திருந்தால் தயாரிப்புக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு மேல் நுணுக்கம் உங்களுக்கு வேண்டாம். "திறந்து, என் கண் முன்னால் காட்டுங்கள்" என்று கேட்டால் போதும், பேச்சின் தொனியே மாறிவிடும்.

நீங்களும் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சைட்டில் மெல்லிய வயரில் நீளமாக இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டினீர்களா? அப்படி ஓட்டினால் மெஷினுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் குறையும். மரத்தில் அழுத்தும்போது வேகம் விழும், உள்ளே விசிறி தள்ளும் காற்றும் குறையும், சூடு ஏறும். காற்றுத் துவாரத்தில் பிளைவுட் தூள் அடைத்தாலும் இதே கதைதான். கம்பெனி இதைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். (மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி அறுத்து எரித்தவர்களுக்கு இந்தப் பதிலில் ஒன்றும் இல்லை. பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களுக்கும் இல்லை.)

சரி, கம்பெனியை மாற்றலாமா?

மெஷின் எரிந்ததற்காக மாற்றாதீர்கள். எல்லாக் கம்பெனி மெஷினும் எரியும். எரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். இவ்வளவு காலம் நீங்கள் ஒரே கம்பெனியில் நின்றதற்குக் காரணம் நிறமும் விளம்பரமும் இல்லை. டிரில்லோ பிளேனரோ நின்றபோது யாரோ ஒருவர் அலைக்கழிக்காமல் சரிசெய்து கொடுத்திருப்பார். டூல் வாங்குபவரின் விசுவாசம் அங்கேதான் உருவாகிறது. டீவி பழுதானால் ஒரு வாரம் பார்க்காமல் இருந்துவிடலாம். சா நின்றால் உங்கள் கூலியும் உதவியாளின் கூலியும் அன்றே நிற்கிறது. ஆறாயிரம் ரூபாய் மெஷினுக்காகப் பதினைந்து நாள் காக்க வைத்தால், மெஷின் விலையைவிட அதிகமாக உங்களுக்கு நஷ்டம். கம்பெனியின் சர்வீஸ் அறிக்கையில் இந்தக் கணக்கு எங்கேயும் வராது. அங்கே "கேஸ் முடிந்தது" என்ற கட்டம் மட்டும்தான் உண்டு.

இதைப் புரிந்துகொண்ட கம்பெனிகள் இருந்திருக்கின்றன. அமெரிக்காவில் சியர்ஸ் என்ற கடைச் சங்கிலி 1927ல் கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் டூல்ஸ் விற்க ஆரம்பித்தது. ஸ்பேனரோ ஸ்க்ரூடிரைவரோ உடைந்தால், எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் போதும். பில் கேட்காமல் வேறொன்று கொடுப்பார்கள். கைக்கருவிகளுக்கு மட்டும்தான் அந்த வசதி, பவர் டூலுக்குக் கிடையாது. ஆனால் அந்த ஒரு வசதியால் அப்பா வாங்கிய பெயரையே பிள்ளையும் வாங்கினார். சியர்ஸ் தள்ளாடி, 2018ல் திவால் மனு கொடுத்தது. அதற்கு முந்தைய வருடமே ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி, கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரை ஏறத்தாழ 90 கோடி டாலர் மதிப்பில் வாங்கியிருந்தது. கடை போனது, பெயர் நின்றது.

இன்னொன்று ஹில்டி. நம் ஊர் கட்டட வேலையில் எந்தக் கம்பெனி உடைக்கும் மெஷினையும் "ஹில்டி" என்றே கூப்பிடுகிறார்கள். அந்தக் கம்பெனி பெரும்பாலும் டீலர் வைக்காமல் தன் ஆட்களை வைத்தே நேரடியாக விற்கிறது. மெஷின் நின்றால் விற்றவரையே கேட்கலாம், நடுவில் கைகாட்டிவிட யாரும் இல்லை. விலை உங்களுக்கும் எனக்கும் கட்டுப்படியாகாது, அது வேறு விஷயம். உங்கள் பிரச்சினை அப்படியே இதற்கு நேர்மாறு. உங்களிடம் முதலில் "முடியாது" என்று சொன்னவர், மெஷினைத் தயாரிக்கவும் இல்லை, திறந்து பார்க்கவும் இல்லை. கம்பெனிகள் விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை, வாரண்டி மெஷினை எப்படிக் கையாள்வது என்று டீலர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் செலவழித்தால் பாதி வாடிக்கையாளர் போகாமல் நிற்பார். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பேட்டரி மெஷின் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பெரும்பாலும் ஏறாது. மூன்று நான்கு பேட்டரி வாங்கிவிட்டால், சர்வீஸ் எவ்வளவு மோசமானாலும் அங்கேயேதான் கிடக்க வேண்டும். கம்பெனி இதையும் விசுவாசம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளும். அதனால் முதல் பேட்டரி மெஷினை வாங்கும் முன் சர்வீஸை இரண்டு மடங்கு விசாரியுங்கள்.

எப்படி விசாரிப்பது? டீலரிடம் கேட்காதீர்கள், எல்லா டீலரும் "சர்வீஸ் சூப்பர்" என்றுதான் சொல்வார்கள். உங்களுக்குக் கிட்டத்தில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு, மெஷின் வாங்கும் முன்பே, வெறுங்கையோடு ஒரு முறை போங்கள். வாங்கப்போகும் மாடலைச் சொல்லி ஆர்மேச்சர், ஃபீல்டு காயில், சுவிட்ச் விலை கேளுங்கள். ஆர்மேச்சர் விலை மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால், அது ரிப்பேர் செய்து வைத்துக்கொள்ளும் மெஷினே இல்லை. கார்பன் பிரஷ் (ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கரித்துண்டு) கையிருப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்கிற சாமான், வாரண்டியில் வராது, விலையும் அற்பம். அதுவே "ஆர்டர் போடணும்" என்றால் அந்தச் சென்டரை மறந்துவிடுங்கள். ரிப்பேருக்கு வரும் மெஷினை வாங்கி வைக்கும்போது ஜாப் கார்டு (என்ன பழுது என்று எழுதிய சீட்டு) தருகிறார்களா, மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருகிறார்களா என்று, காத்திருக்கும் இன்னொரு கார்பென்டரிடம் மெதுவாகக் கேளுங்கள். மேசையில் இருப்பவர் சொல்லாததை எல்லாம் அவர் சொல்வார்.

இப்போது உங்கள் சா. கடையில் இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனியின் இணையதளத்திலோ வாரண்டி அட்டையிலோ உள்ள முகவரியைப் பார்த்து, மெஷினையும் பில்லையும் நீங்களே கொண்டு போங்கள். மெஷினின் தகட்டில் உள்ள சீரியல் நம்பரை ஃபோட்டோ எடுத்து வையுங்கள். மறுத்தால், மறுத்த காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் மேலே பேச முடியாது.

அப்படி எழுதிக் கொடுத்து மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். சில கம்பெனிகள் அந்தப் புகார் வந்ததுமே இறங்கிவருவார்கள். இறங்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியது கோவையில் என்று கவலை வேண்டாம். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே போடலாம், உங்களுக்குத் திண்டுக்கல். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

இந்த இடத்தில் உங்களை ஒருவர் நிச்சயம் பயமுறுத்துவார். "நீ மெஷினைத் தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோரே இல்லை" என்பார். டீலர் சொல்வார், கம்பெனி ஆள் சொல்வார், சில சமயம் வக்கீலே சொல்வார். இதை நிதானமாகப் படியுங்கள். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் கீழேயே ஒரு விளக்கமும் இருக்கிறது. சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால், அது வணிக நோக்கத்தில் சேராது. 1995ல் உச்ச நீதிமன்றம், கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திடம் இயந்திரம் வாங்கிய ஒரு நிறுவனத்தின் வழக்கில் இதைத் தெளிவாகவே பேசியது. அந்த நிறுவனம் பெரிய அளவில் உற்பத்தி செய்வதற்காக வாங்கியதால், அதை நுகர்வோர் என்று ஏற்கவில்லை. அதே தீர்ப்பில்தான், பிழைப்புக்காகத் தானே ஓட்ட லேத் மெஷின் வாங்குபவர் நுகர்வோர்தான் என்றும் சொன்னது. உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் சொன்னது. உங்கள் ஒரு உதவியாளால் உங்களுக்கு எந்தக் குறையும் வராது. பத்து பேரைச் சம்பளத்துக்கு வைத்து நடத்தும் ஃபர்னிச்சர் ஃபேக்டரி முதலாளியின் நிலை வேறு. புகாரின் முதல் பத்தியிலேயே, "நானே வேலை செய்து பிழைக்கும் கார்பென்டர், என் கையால் ஓட்டுவதற்காக வாங்கினேன்" என்று எழுதிவிடுங்கள். அது இல்லாத புகார்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சட்டப்படி, எதிர்த்தரப்பு நோட்டீஸ் பெற்ற 3 மாதத்துக்குள் ஆணையம் முடிக்க முயல வேண்டும். பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பினால் 5 மாதம். காகிதத்தில் படிக்க அழகாக இருக்கும். நடப்பில் வாய்தா மேல் வாய்தா போடுவார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட வேண்டிய ஆளுக்கு இது என்ன நீதி என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. அதனால் ஆணையத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். "போடுவேன்" என்று கம்பெனிக்கு ஒரு பதிவுத் தபாலில் எழுதுவதே பல நேரம் வேலையை முடித்துவிடும்.

பில் இல்லாமல் வாங்கியிருந்தால் மேலே சொன்ன எதுவும் சுலபமாக நடக்காது. 18 சதவீத வரி மிச்சம் என்று ஆசைகாட்டி வெறும் துண்டுச்சீட்டு கொடுக்கும் கடையில் அடுத்த மெஷினை வாங்காதீர்கள்.

பழைய பிளேனருக்கு வெளி ஆர்மேச்சர் தாராளமாகப் போடலாம், வாரண்டி முடிந்த மெஷின்தானே. பொருத்தியதும் மரத்தில் வைக்காமல் சும்மா ஓட்டிப் பாருங்கள். கையில் அதிர்வு தெரிந்தால் ஆர்மேச்சர் பேலன்ஸ் இல்லை, பேரிங்கைத் தின்றுவிடும். கார்பன் பிரஷ் பக்கம் சின்னப் பொறி இருந்தால் பரவாயில்லை. பொறி வட்டமாகச் சுற்றி ஓடினால் உடனே நிறுத்தி, போட்டவரிடமே திருப்பிக் கொடுங்கள்.