மேற்படிப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் மாலை வகுப்பில் பள்ளி இறுதியாண்டு படிக்கும் 8 பேர், எல்லோரும் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள். கல்லூரி, உதவித்தொகை பற்றியெல்லாம் விளக்கினோம், அச்சடித்தும் கொடுத்தோம். கடைசித் தேதி போயும் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. ஆர்வம் இல்லையோ?

பதில்: ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விவரம் சொல்வது ஒரு வேலை, விண்ணப்பத்தை முடித்து அனுப்பவைப்பது வேறு வேலை. அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு எழுதித்தரும் அலுவலகங்களில் நடத்திய ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. கல்வி உதவிப் படிவத்தைப் பெற்றோருடன் உட்கார்ந்து அங்கேயே நிரப்பிக் கொடுத்தார்கள். அடுத்த 3 ஆண்டுகளுக்குள் கல்லூரியில் 2 ஆண்டுகள் படித்து முடித்தவர்கள், இந்த உதவி பெறாத பிள்ளைகளில் 28 சதவீதம், பெற்ற பிள்ளைகளில் 36 சதவீதம். வெறும் தகவல் மட்டும் பெற்ற குடும்பங்களில் முன்னேற்றம் இல்லை.

ஆகவே ஒரு மாணவருக்கு ஒருவர் என்று பக்கத்தில் உட்காருங்கள். அதற்குச் சில மாதம் முன்பே சான்றிதழ்களை மேசைமேல் பரப்பி, பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஓரெழுத்து மாறினாலும் திருத்தம் வாங்க நாளாகும்.

பெரும்பாலும் சிக்குவது போனில்தான். வீட்டுக்கு ஒரே போன், அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போயிருப்பார். இங்கே படிவம் ஓடிபி கேட்டுக் காத்திருக்கும், அது அவர் சட்டைப்பையில் ஒலிக்கும். போன் எப்போது வீட்டில் இருக்கும் என்று கேட்டு, அந்த நேரத்தில் உட்காருங்கள். அவசரத்துக்கு உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டால், பிறகு வரும் சேர்க்கைத் தகவல் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது. விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் மாணவரே தன் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

கேள்வி: நாலைந்து முறை படித்தும் தேர்வில் மறந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் பழகிப்போகும். பழகியதைத் தெரிந்ததாக எண்ணிவிடுகிறோம். ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை 4 அமர்வுகளிலும் வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஓர் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, மற்ற 3 அமர்வுகளில் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். பாடத்தை மூடி, வெற்றுத்தாளில் 10 நிமிடம் நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு மையில் சேர்க்கட்டும். மறுநாளும், அடுத்த வாரமும் அதே பகுதி. முதல் தாளில் வேற்று மையே நிறைந்திருக்கும், பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். அது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இடம் கிடைத்த மாணவி கல்லூரியில் சேரவே இல்லை. எங்கே தவறினோம்?

பதில்: இடம் கிடைத்ததும் நீங்கள் கூப்பிடுவதை நிறுத்தியிருப்பீர்கள். பள்ளி முடிந்து கல்லூரி திறக்கும்வரை கேட்பாரில்லாத காலம் அது. கட்டணம் கட்டும் நாள், விடுதிப் பதிவு, அசல் சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் அப்போதுதான் வரும். தேதிகளை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டவைத்து, வாரம் ஒருமுறை பேசுங்கள். உதவித்தொகை பெரும்பாலும் சேர்ந்த பிறகே கைக்கு வரும். முதல் மாதப் பயணம், புத்தகம், சாப்பாட்டுக்கான பணத்தை யார் தருவது என்று வீட்டாருடன் இப்போதே பேசி முடியுங்கள்.