மண்டபம் ஊர்ச் சகோதரிக்கு: மகளின் விழித்திரை ஸ்கேன் பற்றி

சகோதரி, இரட்டைப் பிள்ளைகளில் மகளுக்கு மட்டும் விழித்திரையின் நடுப்பகுதி மெலிந்திருப்பதாகவும், ஸ்கேன் தாளின் நடுவட்டம் மஞ்சளாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த இடம் ஆண் பிள்ளைகளுக்குச் சராசரியாகச் சில மைக்ரான் தடித்தே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! மகன் அளவை வைத்து மகளை எடைபோடாதீர்கள். மஞ்சளும் தீர்ப்பல்ல, ஒப்பீட்டில் அளவு குறைவு என்ற குறிதான் அது; பல இயந்திரங்கள் 18 வயது கடந்தவர்களின் அளவோடுதான் ஒப்பிடுகின்றன. மகளின் இரு கண்களும் ஒத்திருக்கின்றனவா, பார்வை 6/6, அதாவது இயல்பாக, இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மதுரையில் மறுபடி எடுத்தால் இந்தத் தாளையும் கொண்டுபோங்கள். இயந்திரம் மாறினால் எண்ணும் மாறும். மகனுக்கு நிறப்பார்வைச் சோதனை செய்தீர்களா? சிவப்பு-பச்சைக் குறைபாடு ஆண் பிள்ளைகளிடமே அதிகம். கப்பல் வேலை, ரயில் வேலை என்று கனவு கண்டால் அதுதான் குறுக்கே நிற்கும். இந்த ஸ்கேன் அதைக் காட்டாது.