அம்மாவின் ஞானஸ்நானம் செல்லாதா?

சகோதரி, விசுவாசித்த பின் தண்ணீரில் மூழ்கிப் பெறுவதே ஞானஸ்நானம் என்னும் பெந்தெகொஸ்தே சபைக்கு மாறிய உங்கள் அண்ணன், சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற அம்மாவை 'இரட்சிக்கப்படாதவர்' என்று சொல்லி வீட்டு ஜெபத்துக்கும் வர மறுக்கிறார் என்கிறீர்கள். குழந்தை ஞானஸ்நானம் செல்லுமா என்ற வழக்கு 1525இலேயே சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் வெடித்தது, இன்னும் தீரவில்லை. உங்கள் கூடத்திலா தீரப்போகிறது? வசனத்துக்கு வசனம் நீட்டினால் அவர் இன்னும் பத்தோடு வருவார். (எங்கள் வீட்டில் பட்டதுதான்.) சிலுவையில் தொங்கியபடியே இயேசுவிடம் பரதீசு வாக்குப் பெற்ற கள்வன் எந்தத் தொட்டியில் மூழ்கினான் என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். விசுவாசிகள் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்னும் ரோமர் 14ஆம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். குழந்தையில் தண்ணீர் தெளித்தது பெற்றோரின் முடிவு என்றே வையுங்கள். வளர்ந்தபின் நடக்கும் திடப்படுத்தல் ஆராதனையில் அம்மாவே சபை முன் நின்று தன் விசுவாசத்தை அறிக்கையிட்டிருப்பாரே! மறு ஞானஸ்நானத்துக்கு அவரை யாரும் நெருக்க விடாதீர்கள். ஜெபத்தை வழக்கமான நேரத்திலேயே நடத்துங்கள், அண்ணனுக்கும் ஒரு பாய் விரித்துவையுங்கள்.