ஊசிக்குள் என்ன இருந்தது? கழுத்து, தோள் வலி: கேள்வி-பதில்

கே: தையல் ஆலையில் 15 வருடம். கழுத்தடித் தசை முடிச்சுக்கு ட்ரை நீடிலிங் (மருந்தில்லாத வெறும் ஊசி) போதுமா, மருந்து ஊசி வேண்டுமா? (ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

ப: இரண்டிலும் வேலை செய்வது ஊசி முனைதான். முடிச்சில் பட்டதும் தசை பல நேரம் வெடுக்கென்று துடிக்கும். லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தைச் சேர்த்தால் குத்திய பின் வரும் நோவு குறையும். சில வாரம் கழித்துப் பார்த்தால் பலன் ஏறக்குறைய ஒன்றே. மெஷின் மேல் குனிந்தே இருந்தால் எந்த ஊசியின் பலனும் நிற்காது. மேசையை உயர்த்துங்கள், தினமும் கழுத்துப் பயிற்சி செய்யுங்கள்.

கே: போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) இன்னும் சிறந்ததாமே?

ப: முடிச்சு வலிக்கு அப்படி உறுதியாகவில்லை. விலை பல மடங்கு, வேலை செய்தாலும் சுமார் 3 மாதம்.

கே: தோளில் ஏதோ ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து சர்க்கரை ஏறியே இருக்கிறது. ஏன்? (காத்ர் போர்ன்)

ப: "ஏதோ ஊசி" என்று எழுதினால் நான் என்ன சொல்வது? வயது இல்லை, மருந்தின் பெயர் இல்லை, எத்தனை நாளாயிற்று என்பதும் இல்லை. ஸ்டீராய்டாக (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அது சில நாள், சிலருக்கு ஒரு வாரம்கூட சர்க்கரையை ஏற்றும். தினமும் அளந்து, உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தக் குறையை எத்தனை முறை எழுதிவிட்டேன்! போன மாதம் ஒரு அம்மா ரவிக்கையை விலக்கித் தோளைக் காட்டினார். காசு அளவுக்கு வெளுத்த தோல், நடுவில் கட்டைவிரல் பதியும் பள்ளம். ஸ்டீராய்டு தோலுக்கடியில் கசிந்தால் கொழுப்பு கரைந்து இப்படி ஆகும். அவர் நீட்டிய சீட்டில் "ஊசி, 3 முறை" என்பது மட்டும்தான் இருந்தது. தசை முடிச்சுக்கு ஸ்டீராய்டு கலப்பதால் கூடுதல் பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை. சர்க்கரைக்காரர் நிறைந்த இந்தத் தீவில் கேட்காமல் ஏற்றுவது தவறு. மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்காமல் கையை நீட்டாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கே: தைப்பூசத்தில் காவடி எடுத்தேன். பத்து நாளாகத் தோள் வலி. ஊசி போடலாமா?

ப: இப்போதே வேண்டாம். வெந்நீர் ஒத்தடம், லேசான அசைவு. ஊசியெல்லாம் மாதக்கணக்கில் விடாத வலிக்கு.

கே: கழுத்து வலியோடு கை மரத்து, டம்ளர் நழுவுகிறது.

ப: இது தசை முடிச்சு போலத் தெரியவில்லை. ஊசியை விட்டுவிட்டு இந்த வாரமே நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

கே: நேற்று தோள்பட்டையில் நீடிலிங். இரவிலிருந்து மூச்சு வாங்குகிறது. பொறுத்துப் பார்க்கலாமா?

ப: கூடாது. நுரையீரலின் நுனி காறையெலும்புக்கு மேலே வரை ஏறி நிற்கிறது. ஊசி அதைத் தொட்டிருக்கலாம். இதைப் படித்ததும் அவசரப் பிரிவுக்குப் போய், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.